ஜம்ப் ஸ்கேர்: அச்சம் அல்ல, திடுக்கீடு

சின்ன வயதில் எந்தப் படத்தைப் பார்த்து நடுங்கினீர்கள் என்று கேட்டால் யாரும் முழுக்கதையைச் சொல்வதில்லை. ஒரு கணத்தைத்தான் சொல்வார்கள். அலமாரிக் கண்ணாடியை மூடும்போது பின்னால் தெரிந்த முகம், கட்டிலுக்கடியிலிருந்து நீண்ட கை, கூடவே காதைக் கிழித்த ஒரு சத்தம். அந்தக் கணத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஜம்ப் ஸ்கேர். தமிழ் விமர்சனங்களும் அதை அப்படியே எழுதுகின்றன. மொழிபெயர்க்க முயன்றவர்கள் ‘தாவல் பயம்’, ‘குதிப்பு அச்சம்’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் பிழை.

இங்கே ‘ஜம்ப்’ என்பது பேய் தாவுவதைக் குறிக்கவில்லை. பார்ப்பவர் உடல் துள்ளுவதைக் குறிக்கிறது. நாம் ‘தூக்கிவாரிப் போட்டது’ என்கிறோமே, அதேதான். ‘ஸ்கேர்’ பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் மூலத்துக்கு மருளச் செய்தல் என்று பொருள். ஆக, ‘ஆளைத் துள்ள வைக்கும் மருட்டல்’ என்பதே அந்தத் தொடரின் நேர்ப்பொருள்.

உத்தியின் புகழ்பெற்ற முன்னோடி 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட ‘கேட் பீப்பிள்’. தயாரிப்பு வால் லூட்டன், இயக்கம் ழாக் தூர்னர், படத்தொகுப்பு மார்க் ராப்சன். இரவில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா ஓரமாக ஒரு பெண் நடக்கிறாள். பின்னால், சிறுத்தையாக உருமாறக்கூடிய இன்னொருத்தியின் குதிகால் ஓசை. சற்றுநேரத்தில் அது நின்றுவிடுகிறது. இவள் பதறி ஓடுகிறாள். சிறுத்தை பாயப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கும்போது, சீறலோடு திரைச் சட்டகத்துக்குள் பாய்ந்து நிற்பது ஒரு பேருந்து. அதன் ஏர் பிரேக்கின் ‘உஸ்ஸ்’ ஓசை பூனைச் சீறலைப் போலவே இருக்கும். அதன்பின் லூட்டன் குழுவினர் இப்படிப்பட்ட எல்லாக் கணங்களையும் ‘பஸ்’ என்றே அழைத்தார்கள். ஆபத்தே இல்லாத ஒன்றைக் காட்டி உலுக்கும் இந்த வகைக்கு ‘லூட்டன் பஸ்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

வினாடிக்கு 24 சட்டகம் என்றால் ஒரு சட்டகம் ஏறத்தாழ 42 மில்லிவினாடி. எதிர்பாராத உரத்த ஒலி கேட்டதும் இமை துடிக்கத் தொடங்க 30 முதல் 50 மில்லிவினாடி போதும். அதாவது, வந்தது பேயா பூனையா என்று மூளை அறியும் முன்பே, ஓரிரு சட்டகத்துக்குள் உடல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கழுத்து ஒடுங்குகிறது, தோள் ஏறுகிறது, முழங்கை மடங்குகிறது. மூளைத்தண்டில் நடக்கும் அனிச்சைச் செயல் இது. தைரியசாலிக்கும் நடக்கும், பலமுறை பார்த்தவருக்குக் குறையுமே தவிர முழுக்கப் போய்விடாது.

படத்தொகுப்பு மேசையில் இதற்கு நான்கு படிகள் உண்டு. முதலில் அடக்கம்: பின்னணி இசையை இறக்கி, சில்வண்டு, மின்விசிறி போன்ற சூழல் ஒலிகளையும் சில வினாடிகளுக்கு உருவிவிட வேண்டும். அடுத்து திசைதிருப்பல்: பாத்திரம் இடப்பக்கம் பார்த்தால் நம் கண்ணும் அங்கேயே போகும். மூன்றாவது தளர்வு: கதவைத் திறந்தால் ஒன்றுமில்லை, பாத்திரம் பெருமூச்சு விடுகிறது, நாமும் விடுகிறோம். தளர்ந்து ஓரிரு வினாடிக்குள் நான்காவதான அடி விழ வேண்டும். அந்த ஒலி சரேலென எழ வேண்டும். அதே உரப்புக்கு மெல்ல மெல்ல ஏறி வரும் ஒலி உடலைத் துள்ள வைக்காது. அதனால்தான் அடிமத்தளம், உலோக உரசல், வயலினின் கீச்சொலி என்று பல சுருதிகளை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். பார்ப்பவர் இமை மூடியிருக்கும் நேரத்தில் உருவம் மறைந்துவிடாதபடி, அதை அரை வினாடியாவது திரையில் நிறுத்த வேண்டும்.

இந்த உத்தி கெட்டுப்போவது பெரும்பாலும் எண்ணிக்கையால். 1975இல் வந்த ‘ஜாஸ்’ என்ற சுறாப் படத்தில் மூழ்கிய படகின் ஓட்டையிலிருந்து ஒரு தலை வெளிவரும் காட்சியை, படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில் பின்னர் எடுத்துச் சேர்த்தார் இயக்குநர் ஸ்பீல்பெர்க். அந்த இடத்தில் அரங்கம் அலறியது. ஆனால் அதற்குப் பிறகு சுறா தலைகாட்டும் இடத்தில் அலறல் முன்பைவிடக் குறைந்துவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒருமுறை ஏமாந்த கூட்டம் உஷாராகிவிடுகிறது. இன்றைய படங்கள் பலவற்றில் அடிக்கடி இந்த உத்தி வருவதால்தான் எதுவும் மனதில் தங்குவதில்லை.

குழந்தைகளிடம் மட்டும் இந்தக் கணம் ஏன் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது? ஏழெட்டு வயதுக்குக் கீழே தோற்றம்தான் பெரிது. ‘முகப்பூச்சு, நடிப்பு’ என்ற விளக்கம் அவர்களைச் சமாதானப்படுத்தாது. உடல் துள்ளிய அதே நொடியில் ஒரு கோர முகமும் கண்ணில் பட்டால், இரண்டும் ஒன்றாக முடிச்சிட்டுக்கொள்கின்றன. பிறகு அந்த இசையைக் கேட்டாலே போதும், வயிறு கலங்கும். பிள்ளைகள் கண்ணைப் பொத்துகிறார்கள். துள்ளலைத் தடுக்க வேண்டுமானால் பொத்த வேண்டியது காதை. பெற்றோருக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு: ஒலியைக் குறைத்தாலோ, உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் சமன்செய்யும் ‘நைட் மோட்’ அமைப்பைத் தொலைக்காட்சியில் போட்டாலோ பாதி வேகம் இறங்கிவிடும். காதொலிப்பானில் கேட்டால் அடி நேரே காதுக்குள் விழும்.

இனி தமிழுக்கு வருவோம். ‘திகில்’, ‘பயம்’, ‘அச்சம்’ மூன்றும் இதற்குப் பொருந்தா. உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’. வருத்தும் தெய்வமான அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் ஆகிய நான்குமே இன்னதென்று அறிந்து அஞ்சுபவை. 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘விடாது கருப்பு’ தமிழ்நாட்டுப் பிள்ளைகளை நடுங்க வைத்தது இந்த அணங்கு வழியில்தான். தொடர் முடிந்து, விளக்கை அணைத்த பிறகும் குதிரைக் குளம்பொலி காதில் கேட்டுக்கொண்டிருக்கும். அது அச்சம். ஜம்ப் ஸ்கேர் அரை நிமிடத்தில் அடங்கிவிடும் உடல்நிகழ்வு. அதே மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாட்டுள் வைத்த அச்சத்தைத் தவிர, ‘வெரூஉதல்’, ‘நடுக்கு’ என இரண்டைத் தனியே பிறிதொரு பட்டியலில் எண்ணுகிறது. அஞ்சுவது வேறு, வெருவுவது வேறு என்ற நுட்பம் நம்மிடம் அப்போதே இருந்தது என்பதைப் பார்க்க நெஞ்சு நிறைகிறது.

வெருவுதலின் உறவுச்சொல் வெருளுதல், அதன் பிறவினை வெருட்டுதல். ஈழத்தில் ‘வெருட்டாதை’ என்பது இன்றும் அன்றாடப் பேச்சு. வயலில் நிற்கும் வெருளியும் இந்தக் குடும்பம்தான். நல்ல சொல், ஆனால் அதில் மிரட்டுதல் என்ற பொருளும் கலந்திருக்கிறது. ஒரு கணத் துள்ளலைச் சொல்ல ‘திடுக்கு’ இன்னும் கூர்மையானது. ‘திடும்’, ‘திடீர்’ போல ஓசையிலேயே பொருள் காட்டும் குறிப்புச்சொல் அது. தொட்டிலில் கிடக்கும் பச்சைக்குழந்தை சத்தம் கேட்டுக் கைகளை விரித்து உதறுவதையும் ‘திடுக்கிடுகிறது’ என்றே சொல்கிறோம்.

திடுக்கிடு என்ற வினையிலிருந்து பெயர் எடுப்பதும் எளிது. வெளியிடு வெளியீடு ஆவதுபோல, மதிப்பிடு மதிப்பீடு ஆவதுபோல, திடுக்கிடு ‘திடுக்கீடு’ ஆகும். வல்லினம் வரும் இடத்தில் ‘திடுக்கீட்டுக் காட்சி’ என ஒற்று மிகும். லூட்டன் பஸ் வகைக்குப் ‘பொய்த் திடுக்கீடு’ எனலாம். கூடவே விழும் இசையடியை ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்கர்’ என்பார்கள். ‘திடுக்கொலி’ அதற்குப் போதும். ‘இரண்டாம் பாதியில் திடுக்கீடுகள் அதிகம், திகில் குறைவு’ என்று ஒருவர் விமர்சனம் எழுதினால், எந்தப் படத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்பது படிப்பவருக்கு உடனே விளங்கிவிடும்.