பட்ஸ்கெலிசம்: பொருளும் பிறப்பும் தமிழ் நிகரும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில், தேர்தல் களத்தில் எதிரெதிரே நின்ற தொழிற்கட்சியும் பழமைவாதக் கட்சியும் ஆட்சியில் அமர்ந்ததும் ஏறத்தாழ ஒரே வழியில் சென்றதைக் குறிக்கும் சொல் பட்ஸ்கெலிசம். 1954 பிப்ரவரியில் 'தி எக்கனாமிஸ்ட்' இதழ், அப்போதைய பழமைவாத நிதியமைச்சர் ராப் பட்லரின் பெயர்த் தலையையும், அவருக்கு முன் அப்பதவியை வகித்த தொழிற்கட்சியின் ஹியூ கெய்ட்ஸ்கெல்லின் பெயர் வாலையும் ஒட்டி, 'திருவாளர் பட்ஸ்கெல்' என்றொரு கற்பனை மனிதரைப் படைத்தது. கேலியாகப் பிறந்த அப்பெயரின் இலக்கு முதலில் நிதிக் கொள்கை மட்டுமே. மருத்துவம், ஓய்வூதியம், வீட்டுவசதி ஆகியவற்றுக்கும் அதை நீட்டியது பிற்கால வழக்கு.

இந்நிலையின் வேர் போர்க்காலக் கூட்டணி ஆட்சியில் இருக்கிறது. எல்லோருக்கும் சமூகக் காப்புறுதி வேண்டும் என்று 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையும், பட்லரே கொண்டுவந்த 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அக்காலத்தவை. ஆனால், 1946இல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதார சேவைக்கான மசோதாவை எதிர்த்து வாக்களித்த பழமைவாதக் கட்சி, 1951இல் ஆட்சிக்கு வந்த பின்பும் அச்சேவையைக் கலைக்கவில்லை. மனமாற்றத்தைவிட வாக்குக் கணக்கே இதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து. அத்தேர்தலில் நாடளவில் கூடுதல் வாக்குப் பெற்றது தோற்ற தொழிற்கட்சிதான் என்பதால், 17 இடப் பெரும்பான்மையை நம்பி இலவச மருத்துவத்தில் கைவைக்க எந்தத் தலைவருக்கும் துணிவு வந்திராது.

மெய்யான பூசல் கட்சிக்குள்ளேயே வெடித்ததும் உண்டு. கொரியப் போரையொட்டிப் பெருகிய பாதுகாப்புச் செலவை ஈடுகட்ட, 1951ஆம் ஆண்டு பட்ஜெட்டில் கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியிடமே வாங்க முடிவுசெய்தார். சுகாதார சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அதை ஏற்காமல் அமைச்சர் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு பழமைவாத அரசு மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் விதித்தபோது, அதற்கு அதிகாரம் தந்த சட்டம் தொழிற்கட்சி 1949இல் இயற்றியதாகவே இருந்தது.

இதனால் இரு கட்சிகளும் ஒன்றாகிவிடவில்லை. வருமானத்தைச் சோதிக்காமல் எல்லோருக்கும் உதவி எதற்கு என்று 1952இலேயே பழமைவாத இளம் உறுப்பினர்களான இயன் மெக்லியோடும் ஈனக் பவலும் கேட்டனர். அதே ஆண்டு பட்லர் வங்கி வட்டி விகிதத்தை 4 சதவீதத்துக்கு உயர்த்தினார். கெய்ட்ஸ்கெல்லோ வட்டியைவிட, பொருளாதாரத்தின் மீது அரசு விதிக்கும் நேரடிக் கட்டுப்பாடுகளை நம்பியவர். வேலைவாய்ப்பைக் காக்க அரசே வரியையும் செலவையும் கையாள வேண்டும் என்ற கெயின்சியப் பொருளியலின் மொழியை இருவரும் பேசினாலும் உச்சரிப்பு வேறு என்ற பொருள்பட, பட்லரே பின்னாளில் எழுதினார்.

தமிழில் ஆட்பெயரைப் பெயர்க்க வழியில்லை. கருத்தைத்தான் பெயர்க்க வேண்டும். 'உடன்பாடு' என்றால் பேசி ஒப்பமிட்ட ஒன்று என்று பொருள்படும்; பிரிட்டனில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இதழ்களில் புழங்கும் 'ஒருமித்த கருத்து' இரு கட்சியினரின் எண்ணமும் ஒன்று என்று காட்டிவிடுகிறது. இணங்குதல் என்ற வினையோ, மனம் முழுதும் ஒப்பாவிட்டாலும் நடப்பில் ஒத்துப்போவதையும் தழுவும். ஆகவே 'கொள்கை இணக்கம்' என்பதே பொருத்தமான நிகர். இலங்கைத் தமிழ் வழக்கில் 'இணக்கப்பாடு' ஏற்கெனவே வேரூன்றியுள்ளதால், அங்குள்ள வாசகர்களுக்கு இது புதிதாகவும் தோன்றாது.