தைலம் வடிக்க எந்தப் பாத்திரம், எந்தக் குழாய்?

கொடைக்கானல் போய்விட்டு மதுரை திரும்பும்போது ஒரு கட்டு யூகலிப்டஸ் இலையோடு வந்து, இதை வீட்டுக் குக்கரிலேயே வடித்துத் தைலம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம். ஆனால் எல்லோரும் கவலைப்படுவது சூட்டைப் பற்றி. கவலைப்பட வேண்டியது எண்ணெய் ஆவியைப் பற்றி.

யூகலிப்டஸ் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல். தனியாகக் கொதிக்க அதற்கு 176 டிகிரி வேண்டும். தண்ணீரோடு கலக்காத பொருள் என்பதால் இரண்டின் ஆவி அழுத்தமும் கூடி, 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடும். அதனால் சூட்டை எந்த நல்ல பாத்திரமும் தாங்கும்.

சிக்கல் குக்கரிலிருந்து ஆவியை வெளியே கொண்டுவரும் குழாயில்தான். ஆரஞ்சுத் தோலை ஒரு தெர்மோகோல் துண்டின் மேல் பிழிந்து பாருங்கள், சாறு தெறித்த இடமெல்லாம் குழி விழுந்து கரையும். அதில் இருப்பது லிமோனீன் என்ற எண்ணெய்ப் பொருள். இலைத் தைலங்களிலும் இந்த இனத்துப் பொருட்கள் உண்டு, அதுவும் சூடான ஆவியாக வரும்போது ரப்பர் குழாய் ஊறி உப்பிப் பிசுபிசுக்கும், பிவிசி குழாய் தொய்ந்துபோய் அதற்குள் இருக்கும் ரசாயனத்தைத் தைலத்தில் விடும். சிலிக்கான் குழாய் சூட்டைத் தாங்கினாலும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். டெஃப்ளான் இரண்டுக்கும் அசையாது. என்னைக் கேட்டால் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை வளைத்துப் போடுங்கள், இணைப்பில் மட்டும் டெஃப்ளான் டேப். ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாயும் ஆகும்தான், ஆனால் பற்றவைப்பில் காரீயம் கலந்திருந்தால் வேண்டவே வேண்டாம்.

பாத்திரத்துக்கும் எஃகே போதும். அலுமினியம் அமிலத்திலும் காரத்திலும் கரையும். கண்ணாடி என்றால் போரோசிலிகேட் மட்டும்; சூட்டில் அது சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் விரியும், ஊறுகாய் பாட்டிலை அடுப்பில் வைத்தால் விரிசல் விடுவது நிச்சயம்.

அப்புறம், குக்கரின் சேஃப்டி வால்வைக் கழற்றவோ அடைக்கவோ கூடாது. இலைத் தூள் போய்க் குழாய் அடைத்தால் அழுத்தம் வெளியேற அதுதான் வழி, குழாயின் மறுமுனையும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வடியும் தைலம் எளிதில் தீப்பற்றும், பிடிக்கும் பாட்டிலை அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

மாட்டுத்தாவணியில் மல்லிகைப் பூ மலிவாகக் கிடைக்கும் நாளில் அதையும் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். சூட்டில் அதன் மணம் கெட்டுவிடும், ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றித்தான் பிரிக்கிறார்கள், அந்தக் கரைப்பானை வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது.