கோழி எருவையும் கணக்கில் சேருங்கள்

"குளம் பச்சையாயிருச்சு, என்ன மருந்து ஊத்தலாம்?" நுவரெலியாவைச் சுற்றிய கந்தப்பளை, இராகலை, நானுஓயாப் பக்கமிருந்து மழை ஓய்ந்த மாதங்களில் தவறாமல் வரும் கேள்வி. கூடவே ஒரு படமும் வரும். கரையோரத்தில் பச்சைப் பெயின்ற் கொட்டியதுபோல் ஓர் ஆடை, அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் போத்தல்.

மருந்து இல்லை. மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) கரைத்து ஊற்றினால் பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் தீரும், மீன் மிதக்கும். பாசியின் உடலுக்குள் அடங்கியிருந்த நச்சும் உடைந்து தண்ணீரில் கலக்கும். பாசியை வளர்த்த பொசுபரசு என்ற உரச்சத்து மட்டும் எங்கும் போகாது. அடுத்த பாசிக்காக அங்கேயே கிடக்கும்.

இதைச் சொன்னதும் அடுத்து வரும் பேச்சுத்தான் பொறுமையைச் சோதிப்பது: "நாங்க கெமிக்கல் உரம் பெருசா போடுறதில்ல சார், எல்லாம் கோழி எருதான்." 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குச் சில மாதங்கள் தடை வந்ததிலிருந்து, சேதனப் பசளை எவ்வளவு போட்டாலும் குற்றமில்லை என்ற எண்ணம் இன்னும் ஊறிப்போய்விட்டது. தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது ஐயா. மூடையிலிருந்து வந்த பொசுபேற்றும் கோழியிலிருந்து வந்த பொசுபேற்றும் பாசிக்கு ஒரே சாப்பாடு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டி.எஸ்.பி. என்ற பொசுபேற்று உரத்தில் 46 வீதம் என்று எழுதியிருப்பது பொசுபரசு ஒட்சைட்டின் அளவு. தனிப் பொசுபரசாகப் பார்த்தால் ஏறக்குறைய 20 வீதம். ஆகவே 50 கிலோ மூடையில் இருப்பது 10 கிலோ பொசுபரசு. உமியோடு சேர்ந்த, ஓரளவு காய்ந்த கோழிக்கூட்டு எருவில் ஒரு தொன்னுக்கும் அதேயளவு, சுமார் 10 கிலோ, இருக்கும். தீவனத்தையும் ஈரத்தையும் பொறுத்துக் கூடிக் குறையலாம். இவ்வளவு எப்படி என்று கேட்பார்கள். சோளத்திலும் சோயாவிலும் உள்ள பொசுபரசின் பெரும்பகுதியைக் கோழியால் செரிக்க முடியாது. அதனால் தீவனத்தில் தனியாகப் பொசுபேற்று சேர்க்கிறார்கள். செரிக்காததும் மிஞ்சியதும் எருவில் வந்து விழுகிறது.

இப்போது பயிரின் பக்கம். ஏக்கருக்கு 8 தொன் உருளைக்கிழங்கு கிண்டி எடுத்தால், கிழங்கோடு தோட்டத்தை விட்டுப் போகும் பொசுபரசு 4 முதல் 5 கிலோதான். அதே ஏக்கருக்கு 4 தொன் கோழி எரு கொட்டியவர் 40 கிலோ போட்டிருக்கிறார். அதற்கு மேலே பழக்கதோஷத்தில் ஒரு மூடை டி.எஸ்.பி.யும் தூவினால் 50. ஒரு போகத்தில் பத்து மடங்கு. வருடத்துக்கு இரண்டு, மூன்று போகம் கரட், லீக்ஸ், கோவா என்று மாற்றி மாற்றிப் போடும் நிலத்தில் இது எங்கே போய் நிற்கும்?

தவறு நடக்கிற இடமும் இதுதான். எல்லோரும் நைதரசனுக்காகவே எரு போடுகிறார்கள், இலை கரும்பச்சையாக வரும்வரை. ஆனால் கிழங்கு ஒரு பங்கு பொசுபரசு எடுக்கும்போது சுமார் 6 பங்கு நைதரசன் எடுக்கிறது. கோழி எருவிலோ ஒன்றுக்கு மூன்றுகூட முழுதாக இல்லை, அதிலும் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும். அந்த நெடி அதுதான். நைதரசன் தேவையை எருவாலேயே நிரப்பப் போனால் பொசுபரசு இரண்டு மடங்குக்கு மேல் குவிவதைத் தவிர்க்க முடியாது. எரு போடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. மண்ணின் பிடிப்புக்கு அது வேண்டும். எரு போட்ட நிலத்தில் டி.எஸ்.பி.யை நிறுத்துங்கள், மிஞ்சும் நைதரசன் தேவைக்குக் கொஞ்சம் யூரியாவைப் பிரித்துப் போடுங்கள் என்பதுதான் பேச்சு. இதைச் சொன்னால் "யூரியா போடச் சொல்லும் ஆள்" என்று பெயர் வைக்கிறார்கள்.

தண்ணீருக்கு எவ்வளவு போதும் தெரியுமா? ஒரு லீற்றரில் சராசரியாக 35 மைக்கிரோகிராம் பொசுபரசைத் தாண்டினாலே ஏரி நற்போசணை நிலைக்கு, அதாவது சத்து மிஞ்சிப் பாசி பெருகும் நிலைக்கு, வந்ததாகக் கொள்வார்கள். அந்த அளவுக்குக் கொண்டுவர ஒரு மூடை டி.எஸ்.பி.யிலுள்ள 10 கிலோ 28 கோடி லீற்றர் தண்ணீருக்குப் போதும். ஒரு கிராம் பொசுபரசு நூறு கிராம் அளவு உலர்ந்த பாசியை வளர்த்துவிடும். ஓடையில் மிதக்கும் சவர்க்கார நுரையைக் காட்டி மாசு என்பவர்கள், நுரையே இல்லாமல் செம்மண் கலங்கி ஓடும் தண்ணீரைக் கவனிப்பதில்லை.

அந்தச் செம்மண்தான் வாகனம். மலையகத்தின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொசுபரசைப் பிடித்து வைக்கும். நைதரேற்றுப்போல் அது சுலபமாகக் கரைந்து கீழே இறங்காது, மண்துகளோடு ஒட்டிக்கொண்டு போகும். மேலிருந்து கீழாகப் பாத்தி போட்ட சரிவில் ஒக்டோபர், நவம்பர் மழை ஒரு மணித்தியாலம் கொட்டினால் போதும், எருவும் உரமும் சேர்ந்த மேல்மண் கானுக்குள் இறங்கிவிடும். நுவரெலியாவின் கிரகரி வாவியில் விழுவது அங்கேயே நிற்பதில்லை. நானு ஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகிறது. 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இலேயே மைக்கிரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியது.

அடியில் படிந்த சேற்றிலும் கதை முடியாது. ஒட்சிசன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு பொசுபரசைப் பிடித்திருக்கும். அடித்தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்ததும் பிடி விட்டுப்போகும், பொசுபரசு மேலே வரும். மேலே தோட்டங்களைத் திருத்திய பிறகும் வருடக்கணக்கில் வாவி பச்சையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். "நாங்க நிறுத்தியும் மாறல்லியே" என்று கைவிட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை. முதலில் மண் பரிசோதனை. அறுவடை முடிந்து அடுத்த உரம் போடுமுன், தோட்டத்தில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை மண் எடுங்கள். எருக் குவித்திருந்த இடம், கான் ஓரம், வரப்பு வேண்டாம். சுத்தமான வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் போட்டுப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். உரம் கரைத்த வாளியில் மண்ணைக் கலக்கிவிட்டு முடிவு பிழை என்று சண்டைக்கு வராதீர்கள்! பொசுபரசு கூடுதல் என்று வந்தால் டி.எஸ்.பி. வேண்டாம். பயமாக இருந்தால் ஒரு பாத்திக்கு மட்டும் போட்டு, பக்கத்துப் பாத்தியை விட்டு, விளைச்சலை நிறுத்துப் பாருங்கள். மண் மிகவும் புளிப்பாக இருந்தால், பரிசோதனை சொல்லும் அளவு டொலமைட் போட, ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் பொசுபரசில் ஒரு பகுதி பயிருக்குக் கிடைக்கும். கிழங்கு போடும் நிலத்தில் அளவு மீற வேண்டாம், தோலில் சொறி வரும்.

பாத்தி சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். கானை ஒரே ஓட்டமாக வெட்டாமல், தேயிலை மலையில் செய்வதுபோல் இடையிடையே தடுப்பும் குழியும் விடுங்கள். குழியில் நிற்கும் மண்ணை மழைக்குப் பின் அள்ளி மறுபடியும் மேலே போடுங்கள், அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரம். எரு லொறி வந்த அன்றே குவியலைத் தார்ப்பாயால் மூட வேண்டும். ஓடைக் கரையில் குவிக்கவே கூடாது. வானம் இருட்டியிருக்கும்போது எரு பரப்புவது ஓடைக்கே நேராகக் கொட்டுவதற்குச் சமம். ஓடையோரம் சில மீற்றருக்கு மானாப்புல்லோ வேறு புல்லோ இருக்கட்டும். அந்தக் கடைசிப் பாத்தி தரும் நாலு கிலோ லீக்ஸுக்காகக் கரையை வெட்டாதீர்கள், தயவுசெய்து.

லயத்துக் கழிவறைகள் ஓடையில் விழுவது வேறு விடயம். அதைத் தொழிலாளர் தலையில் கட்டுவதில் நியாயமில்லை. குழி கட்டிக்கொடுக்க வேண்டியது தோட்ட நிர்வாகம்.

கடைசியாக, பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா என்ற கேள்வி. கூடாது. கொதி கிருமியைக் கொல்லும், நீலப்பச்சைப் பாசியின் மைக்கிரோசிஸ்டின் என்ற நச்சை அழிக்காது. பாசியின் உடல் வெடித்து நச்சு கூடுதலாக வெளியே வரவும் செய்யும். துணியால் வடித்தாலும் பயனில்லை. குடிக்கவும் சமைக்கவும் மலைப்பீலியிலிருந்தோ குழாயிலிருந்தோ எடுங்கள், பிள்ளைகளை அதில் குளிக்க விடாதீர்கள், பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) அறிவியுங்கள். கரையில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் பாசியிலும் நச்சு மாதக்கணக்கில் இருக்கும், மாட்டையும் நாயையும் அந்தப் பக்கம் விட வேண்டாம்.