கடல் தண்ணீர் டெட்டால் இல்லை, தம்பி

போன செவ்வாய்க்கிழமை, கடைசி டோக்கன். முப்பது வயதுகூட இருக்காது. வலது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் நண்பனின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார். இந்தோனேசியாவின் மெந்தவாய் தீவுகளில் பன்னிரண்டு நாள் சர்ஃபிங் முடித்து வந்திருக்கிறார். இரண்டாம் நாளே பவளப்பாறையில் கால் உரசி, கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் நீளத்துக்குச் சிராய்ப்பு.

“என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடல டாக்டர். தினமும் கடல்லதானே இருந்தேன். உப்புத் தண்ணி ஆத்திடும்னு படகுல எல்லாரும் சொன்னாங்க.”

முழங்கால் வரை சிவப்பு ஏறியிருந்தது. மயக்கம் கொடுத்துத் திறந்தால் சீழோடு அரிசி நொய் மாதிரி பவளத் துகள்கள். இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேரும் சொன்னது அதே உப்புத் தண்ணீர்க் கதைதான்.

உப்பு கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஊறுகாய் கெடுவதில்லை, கருவாடு கெடுவதில்லை, தொண்டை வலித்தால் அம்மா உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார். சரி. ஆனால் கருவாட்டுக்கு உப்பை அள்ளிக் கொட்டி வெயிலில் காய வைக்கிறோம். கடல் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம்தான். அது கெடாமல் காக்கும் என்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டிக்கு என்ன வேலை? பிடித்த மீனைக் கடல் தண்ணீரிலேயே போட்டு வைத்திருக்கலாமே! விப்ரியோ என்று ஒரு கிருமிக் குடும்பம் உண்டு, காலராவின் பங்காளிகள். அவற்றில் பல உப்பு இருந்தால்தான் வளரும். வெதுவெதுப்பான கடல் அவற்றுக்கு மாமியார் வீட்டு விருந்து. சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவரின் புண்ணில் அந்தக் குடும்பத்தின் மோசமான உறுப்பினர் புகுந்தால் ஒரே நாளில் காலுக்கும் உயிருக்கும் ஆபத்து. ஆகவே திறந்த புண்ணோடு மறுபடி அலைக்குப் போவது வைத்தியம் அல்ல, விதைப்பு.

எலுமிச்சை பிழிபவர்களும் உண்டு. எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று நினைக்கிறார்கள். எரிவது உங்கள் சதை. சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளம் தனிக்கணக்கு.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. குடிதண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, அழுத்திப் பீய்ச்சுங்கள். ஒரு புண்ணுக்கு ஒரு லிட்டராவது வேண்டும். புதிய மென்மையான டூத் பிரஷ்ஷும் சோப்பும் வைத்துத் துகள் போகும்வரை தேயுங்கள். கத்துவீர்கள், பரவாயில்லை. மிஞ்சியதை இடுக்கியால் எடுங்கள். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டாதீர்கள். உள்ளே அழுக்கை வைத்துக் கதவைச் சாத்துவதற்குச் சமம். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஊருக்குத் திரும்புங்கள்.

திரும்புவது அங்கே சுலபமும் இல்லை. சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சுமத்ராவின் பாடாங், பிறகு கடல்வழி. வேகப்படகென்றால் சில மணி நேரம், வாடகைப் படகென்றால் ஒரு ராத்திரி. போக்குவரத்துப் படகு தினமும் கிடையாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது ‘சர்ஃபிங்’ விலக்குப் பட்டியலில் இருக்கிறதா, தீவிலிருந்து தூக்கி வரும் செலவைத் தருவார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகை ஏறக் கற்றவர்களுக்குப் பெரும்பாலும் விழுந்தால் மணல். அந்தப் பழக்கத்தில் தலைகீழாகப் பாய்கிறார்கள், உடனே காலை ஊன்றுகிறார்கள். மெந்தவாயில் பவளப்பாறைக்கு மேல் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. தட்டையாக விழுங்கள், கைகளால் தலையை மூடுங்கள், ஹெல்மெட் போடுங்கள். அங்கே சிப்போரா தீவில் லான்ஸஸ் ரைட் என்ற புகழ்பெற்ற அலை இருக்கிறது. அது முடியும் இடத்தில் உள்ள பாறைக்கு ‘அறுவை மருத்துவரின் மேசை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு இப்படி ஒரு விளம்பரம் நாங்கள் கேட்கவில்லை.

அலைக் காலம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. டிக்கெட் போட்ட அன்றே மருத்துவரைப் பாருங்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் அல்ல. டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் போட்டுவிட்டுப் போங்கள். மெந்தவாயில் மலேரியா உண்டு. அதற்கு முன்கூட்டியே மாத்திரை தொடங்க வேண்டும். பலருக்கும் தரப்படும் டாக்ஸிசைக்ளின், வெயில் பட்டால் தோலைச் சீக்கிரம் பொசுங்க வைக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பகல் முழுக்கத் தண்ணீரில் இருக்கப்போகிறீர்கள் என்று சொல்லாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்? காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் புரூஃபென், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும்.

இன்னொன்று, மருத்துவம் அல்ல. 2004 டிசம்பரில் நம் கரையைத் தாக்கிய அலை கிளம்பிய அதே கடலடிப் பள்ளத்தின் ஓரத்தில்தான் அந்தத் தீவுகளும் இருக்கின்றன. 2010 அக்டோபர் 25 இரவு அங்கே வந்த நிலநடுக்கம் மெதுவாக, நீளமாக ஆடியது. பலருக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. பின்னால் வந்த சுனாமியில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எனவே ஆட்டம் மெல்லியதாக இருந்தாலும் நெடுநேரம் நீடித்தால் பலகையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

ஊர் திரும்பி மாதம் ஆன பிறகு பழைய தழும்பில் வலிக்காத கட்டி ஒன்று கிளம்பினால், மருத்துவரிடம் முதல் வார்த்தையே ‘பவளப்பாறை’ என்று சொல்லுங்கள். காசநோய்க் கிருமிக்கு உறவான மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தில் அது வழக்கமான 37 டிகிரியில் சரியாக வளராது, 30 டிகிரியில் வைத்து வளர்க்க வேண்டும். சொல்லாவிட்டால் ஆய்வகம் ‘கிருமி இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடும்.

அந்தத் தம்பிக்குப் புண் இப்போது ஆறி வருகிறது. நேற்று கட்டு மாற்றும்போது அடுத்த மே மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னார். கடைசியாக டெட்டனஸ் எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அம்மாவுக்கு போன் போட்டார்.