ஸ்கேன் நார்மல் என்பதற்காகக் கோல்கீப்பரைக் களத்தில் இறக்கிவிடாதீர்கள்

விளையாட்டு மருத்துவரான என்னிடம் கால்பந்து கோல்கீப்பர்கள் விரல் முறிவுக்கும் தோள்பட்டை விலகலுக்கும் தாமதமின்றி வந்துவிடுகிறார்கள்; வலியே அவர்களை அழைத்து வந்துவிடும். தலையில் அடிபட்டவர்கள்தான் நாள் கடந்து வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் சான்றிதழ் வாங்குவதற்காக. அண்மையில் வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன், கார்னரில் வந்த பந்தைக் குத்தி வெளியேற்ற எம்பியபோது எதிரணி வீரரின் முழங்கை நெற்றிப்பொட்டில் பட்டு விழுந்திருக்கிறான். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, மீதி ஆட்டத்தையும் ஆட வைத்திருக்கிறார்கள். அவனுடைய தந்தை ஸ்கேன் உறையை மேசைமீது வைத்து, "எல்லாம் நார்மல் சார், ஞாயிற்றுக்கிழமை செமிஃபைனல், ஃபிட்னு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார். பையனோ ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண்களைச் சுருக்கியபடி, நான் கேட்ட கேள்வியை இரண்டாம் முறை கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்படி வருபவர்களில் இவன் முதலாமவன் அல்லன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சி.டி. ஸ்கேன் எதற்காக எடுக்கப்படுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மண்டையோட்டில் முறிவு உண்டா, மூளையினுள்ளோ அதைச் சுற்றியோ இரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்த்து, உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகத்தான் அது எடுக்கப்படுகிறது. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வுக் காயத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை அது அன்று. இந்தக் காயத்தில் பாதிக்கப்படுவது மூளையின் செயல்பாடு. அதன் அமைப்பில் பெரும்பாலும் படத்தில் தெரியும்படியான மாற்றம் எதுவும் இராது. வீட்டு மின்கம்பிகளைப் புகைப்படம் எடுத்து, எங்கும் அறுபடவில்லை, ஆகவே மின்னழுத்தமும் சீராகத்தான் இருக்கும் என்று எந்த எலக்ட்ரீஷியனும் சொல்லமாட்டார். கன்கஷன் ஆனவரின் ஸ்கேன் நார்மலாக வருவதுதான் வழக்கம். அந்த முடிவைப் பார்த்து நாங்கள் வியப்பதும் இல்லை, அதை வைத்து அவருக்குக் காயமே இல்லை என்று சொல்வதும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வந்தாலும் பெரும்பாலும் என் பதில் இதுதான். அறிகுறிகளைக் கேட்டு, நினைவாற்றலையும் கவனத்தையும் உடற்சமநிலையையும் சோதித்து, கண்ணசைவையும் பார்த்துத்தான் இதைக் கண்டறிய முடியும். அதற்குரிய சோதனையை முறையாகச் செய்யவே பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். கோல் கம்பத்தருகே குனிந்து, "ஓகேவா தம்பி?" என்று கேட்பது சோதனை ஆகாது, அந்தக் கேள்விக்கு "ஓகே இல்லை" என்று பதில் சொன்ன கோல்கீப்பரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நினைவு தப்பவில்லையே என்பது அடுத்த சமாதானம். கன்கஷன் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. 2018 மே 26 அன்று கீவ் நகரில் நடந்த, ஐரோப்பியக் கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் காரியஸின் தலையில் எதிரணியான ரியல் மாட்ரிட்டின் செர்ஜியோ ராமோஸின் முழங்கை பட்டது. எழுந்து நின்றார், தொடர்ந்து ஆடினார். சற்று நேரத்தில் அவர் கையால் உருட்டிவிட்ட பந்து எதிரணியின் பென்சிமாவின் காலில் பட்டுக் கோலானது. பிறகு தொலைவிலிருந்து அதே அணியின் பேல் அடித்த பந்தும் அவர் கைகளில் பட்டு நழுவி உள்ளே போனது. உலகமே அவரைக் கேலி செய்து முடித்த பின்னர், பாஸ்டனில் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள் ஆட்டத்தின்போது அவருக்குக் கன்கஷன் ஏற்பட்டிருந்தது என்றும், பார்வை சார்ந்த இடவுணர்வில் கோளாறு இருந்திருக்கக்கூடும் என்றும் அறிவித்தார்கள். அந்த இரண்டு கோல்களுக்கும் அதுதான் காரணம் என்று எந்த மருத்துவராலும் பின்னாளில் நிரூபிக்க இயலாது. ஆனால் அதன்பிறகு அவர் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. பந்தின் தூரத்தையும் வேகத்தையும் நொடியில் கணிப்பதே தொழிலாகக் கொண்டவருக்கு இந்தக் காயம் எதைப் பறிக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வீரக் கதைகள் இன்னொரு தொல்லை. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையில் கடைசிப் பதினேழு நிமிடங்களை ஆடி முடித்ததைப் பயிற்சியாளர்கள் சிறுவர்களுக்கு உற்சாகமாகச் சொல்கிறார்கள். முறிந்த எலும்பை அடுத்த எலும்பு முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்ததால்தான் அவர் பிழைத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. 1931இல் கிளாஸ்கோவில் எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்து தலையில் அடிபட்ட செல்டிக் கோல்கீப்பர் ஜான் தாம்சன் அன்றிரவே இறந்தார், வயது 22. இந்தோனேசியக் கோல்கீப்பர் கோய்ருல் ஹுடா 2017இல் தம் அணி வீரரோடு மோதி விழுந்து உயிரிழந்தார். கதை சொல்வதானால் இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோல்கீப்பருக்கென்று ஆட்டவிதியில் ஒரு சலுகை உண்டு. மற்ற வீரர்கள் சிகிச்சை பெற்றால் பொதுவாக மைதானத்தைவிட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டும். கோல்கீப்பர் போக வேண்டியதில்லை. அந்தச் சலுகையே அவருக்குக் கண்ணியாகிறது. இருபத்தொரு பேர் இடுப்பில் கைவைத்துக் காத்திருக்க, அரங்கமே பார்த்துக்கொண்டிருக்க, பெனால்டி பகுதிக்குள் முழந்தாளிட்டு மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய ஈரான் கோல்கீப்பர் அலிரேசா பெய்ரன்வந்த், சக வீரரோடு மோதி மூக்கில் இரத்தம் வழிய நீண்ட நேரம் சிகிச்சை பெற்ற பிறகும் ஆட்டத்தைத் தொடர்ந்தார். சிறிது நேரத்தில் தாமாகவே தரையில் படுத்து, ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். அவ்வளவு மருத்துவர்கள் கூடியிருந்த இடத்திலேயே இப்படி என்றால், ஐஸ் பெட்டியும் ஒரு ஸ்பிரே டப்பாவும் மட்டுமே உள்ள மாவட்ட மைதானத்தைப் பற்றி என்ன சொல்ல?

தலைக்கவசம் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் செல்சி அணியின் கோல்கீப்பராக இருந்த பெட்ர் செக் கதையை முழுமையாகப் படிக்க வேண்டும். 2006 அக்டோபர் 14 அன்று ரெடிங் அணிக்கு எதிரான ஆட்டம் தொடங்கியவுடனேயே எதிரணி வீரரின் முழங்கால் மோதி அவருடைய மண்டையோடு உள்வாங்கி முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. பிற்காலம் முழுவதும் அவர் அணிந்த கவசம் வலுவிழந்த எலும்பைக் காப்பதற்கானது; மண்டைக்குள் மூளை குலுங்குவதை எந்தக் கவசமும் தடுப்பதில்லை. நாம் கவனிக்க வேண்டியது, அவர் மூன்று மாதங்களுக்கு மேல் ஆடாமல் இருந்ததைத்தான். 2007 ஜனவரியில் திரும்பியவர் 2019 வரை ஆடினார். 2012இல் மியூனிக்கில் எதிரணியின் ராபன் அடித்த பெனால்டியைத் தடுத்துச் செல்சிக்குச் சாம்பியன்ஸ் லீக் கோப்பை கிடைக்கக் காரணமானார். இத்தாலியக் கோல்கீப்பர் டீனோ ஸோஃப் 40 வயதில் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். அதே நாட்டின் கோல்கீப்பர் புஃபோன் 45 வயதில்தான் ஓய்வு பெற்றார். இவ்வளவு நீண்ட தொழில்வாழ்க்கைக்கு வாய்ப்புள்ள ஒருவனை, ஒரு செமிஃபைனலுக்காக ஏன் பணயம் வைக்கிறீர்கள்?

தலையில் அடிபட்ட பின் தடுமாற்றம், வெற்றுப்பார்வை, தலைவலி, குமட்டல், ஸ்கோரை மறப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. நடுவர் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். தொடர் வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம், கழுத்துவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஸ்கேன் உண்மையில் அங்கேதான் தேவைப்படும். அறிகுறிகள் பல மணிநேரம் கழித்தும் தோன்றக்கூடும் என்பதால் முதல் இரவு அவனைத் தனியே விடாதீர்கள். தூங்கக் கூடாது என்று உலுக்கிக்கொண்டும் இருக்காதீர்கள். பைக்கைத் தொடவிடாதீர்கள். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெதுவோட்டம், தனிப் பயிற்சி என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். எந்தப் படியில் அறிகுறி அதிகமாகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பாய்ந்து விழும் பயிற்சியும் கூட்டத்துக்குள் எம்பும் பயிற்சியும் கடைசியில்தான். மருத்துவர் துணையில்லாத அடித்தள விளையாட்டுகளுக்கு, அடிபட்டு 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்று பிரிட்டன் 2023இல் வழிகாட்டியது. நம் சிறுவர்களுக்கும் அதையே கடைப்பிடிக்கலாம்.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கன்கஷனுக்கென்று கணக்கில் சேராத கூடுதல் மாற்று வீரரை அனுமதிக்கும் வாய்ப்பு 2024 முதல் ஆட்டவிதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. உங்கள் போட்டித்தொடரில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் பெஞ்சில் இன்னொரு கோல்கீப்பர் இல்லையென்றால் எந்த விதியும் உதவாது. தயவுசெய்து இரண்டாவதாக ஒருவரைத் தயார் செய்து, சிறிய ஆட்டங்களிலாவது கையுறையை அவரிடம் கொடுங்கள்; அடிபட்டவனை வெளியே அழைக்கும் துணிச்சல் உங்களுக்கு அப்போதுதான் வரும்.