லண்டன் மண்ணில் தங்கிப்போன சூடு

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் போயிருந்தால் அந்த வாசனை தெரிந்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து அடிவாரத்தில் வண்டி நிற்கும்போது, சக்கரத்துப் பக்கமிருந்து லேசாகக் கருகிய நெடி வரும். ஓடுகிற வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அதன் வேகம் காணாமல் போவதில்லை, பிரேக்கில் சூடாக மாறிவிடுகிறது. நல்லவேளையாக மலைக்காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

சரி, அதே பிரேக்கை மண்ணுக்கடியில், ஒரு குறுகலான குழாய்க்குள், நூறு வருடத்துக்கு மேல் தினமும் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சூடு எங்கே போகும்?

உலகின் முதல் நகரச் சுரங்க ரயில் லண்டனில் 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதில் ஆழம் ஒன்றும் இல்லை. தெருவைத் தோண்டி, பள்ளத்தில் தண்டவாளம் போட்டு, மேலே செங்கல் வளைவு கட்டி மூடிவிட்டார்கள். இழுத்தது நீராவி எஞ்சின். புகை வெளியேற அங்கங்கே திறப்பு விட்டிருந்தும் மூச்சு முட்டியிருக்கும். அப்படியும் முதல் நாளே சுமார் 38,000 பேர் ஏறினார்கள்!

மின்சார ரயில் வந்த பிறகுதான் ஆழமாகப் போக முடிந்தது. 1890இல் திறந்த சிட்டி அண்ட் சவுத் லண்டன் பாதைதான் அதில் முதல். தெருவைக் கிளறாமல், அடியிலேயே ஓர் இரும்பு உருளையை முன்னே தள்ளி, அதன் மறைவில் நின்று மண்ணை வெட்டி, பின்னால் இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே போனார்கள். மரத்தைக் குடையும் கப்பல் புழுவைப் பார்த்து மார்க் புருனெல் என்ற பொறியாளர் உண்டாக்கிய யோசனை இது. அதை வட்ட வடிவில் மேம்படுத்தியவர் இன்னொரு பொறியாளர், ஜேம்ஸ் கிரேட்ஹெட்.

இது அங்கே சுலபமாக நடந்ததற்குக் காரணம் மண். லண்டனுக்கு அடியில் கெட்டியான களிமண் கிடக்கிறது. வெட்ட வரும், சட்டென்று சரியாது, தண்ணீரையும் எளிதில் விடாது. நம்முடைய சேர்வராயன் மலையோ சார்னோகைட் என்னும் கடும்பாறை. அதைக் குடைய வெடி வேண்டும், இல்லையென்றால் பாறை அறுக்கும் ராட்சத இயந்திரம் வேண்டும்.

ஆனால் தோண்டுவதற்கு உதவிய அந்தக் களிமண்ணே பிறகு வினையாகிவிட்டது. ஏப்ரல் மாதம், சேலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். வெயில் போய் நாலு மணி நேரம் ஆகியும் சுடும். பகலெல்லாம் குடித்த வெப்பத்தை மெதுவாகத்தான் விடுகிறது. லண்டன் களிமண்ணும் அப்படியே குடித்தது. வித்தியாசம் என்னவென்றால், மொட்டை மாடிக்கு விடியற்காலை என்று ஒன்று வரும், குழாயைச் சுற்றியிருக்கிற களிமண்ணுக்கு வராது. களிமண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் ரயில் விடுகிற சூடு தூரம் போகாமல் குழாயை ஒட்டியே சேர்ந்துவிடுகிறது.

தோண்டிய காலத்தில் அந்த மண்ணின் வெப்பநிலை சுமார் 14 டிகிரி செல்சியஸ். வெயில் காலத்தில் ஒதுங்கக் குளுகுளு இடம் என்று சுரங்க ரயிலுக்கு விளம்பரமே செய்தார்கள். இன்று அதே மண் 19 முதல் 26 டிகிரி வரை இருக்கிறது. சூட்டில் பெரிய பங்கு பிரேக்கிலிருந்து வருவது. பயணிகளின் உடம்புச் சூடு அதற்குப் பக்கத்தில் கொஞ்சம்தான்.

ஏசி போட்டால் தீராதா என்று தோன்றும். பெட்டியைக் குளிர்வித்து எடுக்கிற சூட்டை ஏசி வெளியேதானே தள்ளும்? இங்கே வெளியே என்பதே சுரங்கம்தான். பழைய குழாய்களின் விட்டம் மூன்றரை மீட்டர் அளவுதான், ரயில் அதை அடைத்துக்கொண்டு ஓடுகிறது. ஏசி இயந்திரத்தைப் பொருத்தவே இடம் சிக்கல். சென்னை மெட்ரோவை இந்தக் காலத்தில் தோண்டியதால், சுரங்கத்தை அகலமாக எடுத்து, காற்றோட்ட விசிறிகளையும் சேர்த்தே திட்டமிட முடிந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது லண்டனில் 1900இல் திறந்த சென்ட்ரல் பாதை. அதில் பல நிலையங்களை ஒரு சின்ன மேட்டின் உச்சியில் அமைத்தார்கள். உள்ளே வரும் ரயில் மேடு ஏறுவதால் தானாக வேகம் குறையும், கிளம்பும்போது இறக்கம் தள்ளிவிடும். மலைப்பாதையில் ஓட்டுகிற எந்த டிரைவருக்கும் இது உடனே விளங்கும். பிரேக்கைக் குறைவாகப் பிடித்தால் சூடும் குறைவு, மின்சாரமும் மிச்சம். இன்றைய ரயில்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நிற்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக ஓட்டி மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன.

ஆனால் ஏற்கனவே மண்ணில் ஏறிவிட்ட சூட்டை என்ன செய்வது? சிட்டி ரோடு என்ற நிலையத்தை 1922இல் மூடிவிட்டார்கள். சுரங்கத்திலிருந்து மேலே காற்றுப் போகிற அதன் பழைய காற்றுக் கிணறு மட்டும் அப்படியே இருந்தது. 2020 முதல் அங்கே ஒரு பெரிய விசிறி வெதுவெதுப்பான சுரங்கக் காற்றை மேலே இழுக்கிறது. ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிற அதே முறையில், அந்தக் காற்றின் வெப்பத்தைக் கொண்டு தண்ணீரைக் காய்ச்சுகிறார்கள். சுடுதண்ணீர் குழாய் வழியே அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பள்ளிக்கும் போகிறது. கோடையில் அந்த விசிறியைத் திருப்பி ஓட்டி, மேல்காற்றைச் சுரங்கத்துக்குள் அனுப்பவும் வசதி வைத்திருக்கிறார்கள்.