மடியில் இருக்கும் குழந்தைக்கும் 60 கிலோமீட்டர் வேகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பல வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பும் கார்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பின் சீட்டில் ஆயா (பாட்டி), ஆயா மடியில் கைக்குழந்தை. கேட்டால், "கெட்டியாப் பிடிச்சிருக்கேன் தம்பி, விட்டுடுவேனா?" என்பார்கள்.

ஆயாவின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்கைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஆயாவும் குழந்தையும் அதே வேகத்தில்தான் போகிறார்கள். காருக்கும் அவர்களுக்கும் இடையே சார்பு வேகம், அதாவது ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றதற்குத் தெரியும் வேகம், சுழி. அதனால்தான் உள்ளே இருப்பவர்களுக்குப் பயம் தெரிவதில்லை. முன்னால் நிற்கும் லாரியில் மோதிக் கார் நின்றுவிட்டால், பிடிப்பில்லாத குழந்தை அதே 60-இல் முன்னே பாயும். இப்போது முன் சீட்டுக்கும் குழந்தைக்கும் இடையே சார்பு வேகம் முழு 60. 14 மீட்டர் உயரத்திலிருந்து, ஏறத்தாழ நாலு மாடி மேலிருந்து விழுந்தால் தரையில் மோதும் வேகம் அது.

ஆயாவின் கை தடுக்காதா? காரின் முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்குள், நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாமல், வேகம் சுழியாகிறது. இப்படி வேகம் குறையும் வீதம், அதாவது எதிர்முடுக்கம், புவியீர்ப்பைப்போல் சுமார் 24 மடங்கு. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை. 10 கிலோ குழந்தையை நிறுத்த, 240 கிலோ சுமையைத் தாங்கும் பலம் வேண்டும். ஆயா பெல்ட் போடாவிட்டால் அவர் உடம்பும் குழந்தைமேல்தான் விழும். இதைச் சொல்ல மனசு வராது. ஆனாலும் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிறேன்.

குழந்தை சீட்டின் வார், குழந்தையைக் காரோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. கார் நசுங்கும் தூரம் முழுவதும் குழந்தை நிற்பதற்கும் கிடைக்கிறது. கட்டாத குழந்தைக்குக் கிடைப்பது முன் சீட்டின் முதுகில் சில சென்டிமீட்டர்தான். தூரம் பத்தில் ஒன்றானால் விசை பத்து மடங்கு.

இங்கே 2015 ஏப்ரல் 30 முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காரில் இந்தச் சீட் கட்டாயம். அபராதத்துக்குப் பயந்து வாங்கினாலும் சரி, வாங்குங்கள். பழைய சீட் என்றால், விபத்தில் சிக்காததுதானா என்று கேட்டு வாங்குங்கள். ஜூலைக் குளிரில் தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையை உட்காரவைக்காதீர்கள். பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, வாரை இறுக்கிப் பூட்டி, அதன்மேல் போர்வையைப் போர்த்துங்கள்.